செங்காது ஆமைக்குப் புழக்கடையில் தொட்டியும் வேலியும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் பார்த்தீனியம் ஒழிப்புப் பயிற்சிக்காக ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்ததும் உழவர் ஒருவர் என்னைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். திண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் முக்கால் சாண் நீளமுள்ள ஆமை ஒன்று, திரும்பக்கூட இடமின்றிக் கிடந்தது. கண்ணுக்குப் பின்புறம் சிவப்புப் பட்டை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கடையில் மகளுக்காக வாங்கினாராம். அப்பொழுது அது பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருந்ததாம்.

"சார், ஏரி நிரம்பியிருக்கு. இத அதுல விட்டுட்டா அதுபாட்டுக்குப் பொழச்சுக்கும். புண்ணியமாவும் போவும்" என்றார். பள்ளிக்கூடப் பையை இறக்கி வைக்காமலேயே அந்தச் சிறுமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மணி நேரத்திற்கு முன்புதான், எங்கிருந்தோ வந்து நம் நிலத்தில் பரவிய ஒரு செடியைப் பற்றிப் பேசி முடித்திருந்தேன். ஏரியில் விடவேண்டாம், அதற்குப் புழக்கடையில் ஓர் இடம் கட்டித்தருவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னர் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்து, அந்த உழவரும் கொத்தனாரும் நானுமாகச் சேர்ந்து ஒரு தொட்டியும் வேலியும் அமைத்தோம். இதே சிக்கல் வேறு பல வீடுகளிலும் இருப்பதால் அந்த முறையை இங்கு விளக்குகிறேன்.

ஏரியிலும் கிணற்றிலும் ஏன் விடக்கூடாது?

செங்காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. செல்லப்பிராணி வணிகத்தின் மூலம் உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. வளர்த்தவர்கள் சலித்துப்போய்க் குளங்களில் விட்டதால் பல நாடுகளில் நிலைத்துப் பெருகிவிட்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது. நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் திருச்சூர்ப் பகுதிக் கால்வாயில் 2018ஆம் ஆண்டில் இது தென்பட்டது.

நம் ஏரி குளங்களில் பாலாமை முதலிய நாட்டு ஆமைகள் வாழ்கின்றன. பாலாமை நத்தை, புழு பூச்சி, செத்த மீன் முதலியவற்றைத் தின்று தண்ணீரைத் தூய்மையாக வைக்க உதவுகிறது. கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழை வந்ததும் வெளிவருகிறது. செங்காது ஆமை உருவில் பெரிதாக வளர்வது, எதையும் தின்பது, முரட்டுத்தனம் மிக்கது. இரைக்கும் வெயில் காயும் இடத்திற்கும் நாட்டு ஆமைகளோடு போட்டியிடும். கூடவே நோய்களையும் ஒட்டுண்ணிகளையும் கொண்டு சேர்க்கும். சீமைக் கருவேலும் ஆகாயத்தாமரையும் நமக்குக் கற்றுத்தந்த பாடம் இதுதான்: விடுவது ஒரு நொடி வேலை, திரும்பப் பிடிப்பது தலைமுறை வேலை. கோயில் குளத்தில் விட்டாலும் பலன் இதுவே.

கிணற்றில் விடுவது ஆமைக்கே கேடு. நேர்ச்சுவர்க் கிணற்றில் அது ஏறி வெயில் காய வழியில்லை. நாளடைவில் நோயுற்று இறக்கும், குடிநீரும் கெடும்.

ஆகவே வாங்கிய ஆமையைக் கடைசிவரை வைத்துக் காப்பதே நேர்மையான வழி. நன்கு வளர்த்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். பெண் ஆமை 10 முதல் 12 அங்குல நீளம் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது. இக்கணக்கை மனத்தில் வைத்துத்தான் கூடு அமைக்க வேண்டும்.

முதலில் ஒரு சட்ட எச்சரிக்கை

இக்கட்டுரை கடையில் வாங்கி ஏற்கெனவே வீட்டில் உள்ள செங்காது ஆமைக்கு மட்டுமே உரியது. பாலாமை, நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும், வீட்டில் வளர்ப்பதும், விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏர் ஓட்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ நாட்டு ஆமை அகப்பட்டால் அதே நீர்நிலையின் ஓரத்தில் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு உயிரினங்கள் சிலவற்றை வளர்ப்போர் அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்ற விதிகளும் உள்ளன. உங்கள் ஆமை குறித்து மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

கண்ணாடித் தொட்டி ஏன் போதாது?

ஆமையின் ஓடு எலும்பால் ஆனது. அது கெட்டிப்பட சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். நேர் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் இந்த வைட்டமின் போதிய அளவு உண்டாகும். சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. அதனால் வீட்டுக்குள் கண்ணாடி வழியே எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் பயனில்லை. அந்தச் சிறுமியின் ஆமையைத் தூக்கி ஓட்டின் விளிம்பை அழுத்திப் பார்த்தபோது அட்டைபோல வளைந்தது. வெயில் இல்லாமையும், காய்ந்த இறால் ஒன்றையே தீனியாகப் போட்டதும் இதற்குக் காரணங்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. புழக்கடையில் வைத்தால் இந்த மருந்து இலவசமாகவே கிடைக்கும்.

இடத் தேர்வு

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழும் இடமாகவும், பிற்பகலில் நிழல் விழும் இடமாகவும் இருத்தல் நலம். மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கும் பள்ளத்தைத் தவிர்த்து, மேட்டுப் பாங்கான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக் கழிவு நீர் வந்து சேரும் இடம் ஆகாது. தெளிப்பான் கழுவும் இடத்திற்கும் பூச்சிமருந்து வைக்கும் அறைக்கும் அருகில் கூடவே கூடாது. மருந்து கலந்த சிறிதளவு நீரும் தொட்டியில் சேர்ந்தால் ஆபத்து.

அளவுகள்

ஓர் ஆமைக்கு, அல்லது இரண்டு ஆமைகளுக்கு, 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அடைப்பு போதும். இதனுள் ஒரு புறத்தில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் நீர்த்தொட்டி. மீதி இடம் வெயில் காயவும், நடமாடவும், முட்டையிடவும் பயன்படும்.

தேவையான பொருள்கள்: 9 அங்குலச் செங்கல் ஏறத்தாழ 850, சிமெண்டு, மணல், தொட்டித் தரைக்கு ஜல்லி, சுவரின் மேல் வைக்க 9 அங்குல அகலக் கடப்பாக் கல் 40 அடி நீளத்திற்கு, அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டியான பற்றவைத்த கம்பிவலை, சட்டம் அடிக்கச் சவுக்குக் கழி அல்லது இரும்புக் குழாய், 2 அங்குலப் பி.வி.சி. குழாயும் மூடியும். கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய வலை பயன்படாது. நாய் கடித்தால் பிய்ந்துவிடும்.

தொட்டி கட்டும் முறை

1. ஓர் அடி ஆழம் மண்ணைத் தோண்டித் தொட்டியின் பாதியைத் தரைக்குக் கீழும் பாதியை மேலுமாகக் கட்டவும். தோண்டிய மண்ணை அடைப்பின் உள்தரையில் பரப்பவும். வேண்டிய மேல்மண் சேர்த்து, உள்தரை வெளித்தரையைவிட 9 அங்குலம் உயர்ந்திருக்குமாறு செய்யவும். தொட்டி விளிம்பு உள்தரையைவிட 3 அங்குலம் உயர்ந்து நிற்கும். இதனால் மழையில் மண் கரைந்து தொட்டிக்குள் வராது.

2. தொட்டியின் நீளவாட்டுச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து விளிம்பு வரை 4 அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள சரிவுமேடை கட்டவும். அதன் மேற்பரப்பில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கூழாங்கற்களைப் பதிக்கவும். வழவழப்பாக விட்டால் ஆமை சறுக்கி விழும். விளிம்பைத் தாண்டியதும் வெளிப்புறமும் மண்ணைச் சரித்து அணைத்துவிட்டால் ஏறி இறங்க வசதியாக இருக்கும்.

3. விளிம்புக்கு 6 அங்குலம் கீழே வழிநீர்க் குழாய் ஒன்றைப் பதித்து அதன் வாயை வலையால் மூடவும். நீர் மட்டம் ஒன்றரை அடிக்கு மேல் உயராது. அடைமழையில் தொட்டி நிரம்பி ஆமை நீந்தி வெளியேறுவதை இது தடுக்கும். சரிவுமேடை அடைத்துக்கொள்ளும் இடம் போகத் தொட்டி ஏறத்தாழ 900 லிட்டர் நீர் கொள்ளும்.

4. அடிப்பக்கத்தில் ஒரு வடிகுழாய் வைத்து, நிலச் சரிவு இருந்தால் வாழைக்கோ தென்னைக்கோ நீர் பாயும்படி விடலாம். சரிவு இல்லையெனில் வாளியாலோ சிறு மின்மோட்டாராலோ இறைத்துவிடலாம்.

5. புதுச் சிமெண்டிலிருந்து காரம் கசியும். அது ஆமையின் கண்ணையும் தோலையும் அரித்துவிடும். மீன் வளர்ப்போர் செய்வதுபோலத் தொட்டியில் நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு, நான்கைந்து நாள் ஊறவிட்டுக் கொட்டவும். இதுபோல் மூன்று முறை செய்து, நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே ஆமையை விடவேண்டும்.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் 4 அடி விட்டமுள்ள கிணற்று உறைகள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, இணைப்பையும் அடியையும் சிமெண்டால் அடைத்துத் தொட்டியாக்கலாம். ஒன்றரை அடி உயரத்திற்கு நிரப்பினால் ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும். ஓர் ஆமைக்கு இது போதும். இதிலும் சரிவுமேடை வைக்கத் தவறக்கூடாது.

வேலிச் சுவர்

ஆமை மெதுவானது என்று நினைத்து ஏமாறுபவர்கள் பலர். செங்காது ஆமை மூலையில் இரு சுவர்களிலும் கால் ஊன்றி ஏறிவிடும். கம்பிவலையில் நகத்தை மாட்டியும் ஏறும். ஆகவே சுவரை வலையால் அமைக்காமல் செங்கல்லால் கட்டி, உட்புறத்தை வழவழப்பாகப் பூச வேண்டும்.

சுவரின் உயரம் உள்தரையிலிருந்து ஒன்றரை அடி. அடித்தளம் வெளித்தரைக்குக் கீழே ஒன்றரை அடி. பெருச்சாளியும் கீரியும் வெளியிலிருந்து வளை தோண்டி உள்ளே வராமல் இருக்க இந்த ஆழம் தேவை. சுவரின் மேல் கடப்பாக் கல்லை உட்புறமாக 4 அங்குலம் நீட்டி வைக்கவும். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக ஒரு கல்லைப் பொருத்தவும். சுவரோரம் கல், கட்டை, செடித்தொட்டி எதையும் வைக்காதீர்கள், அதுவே ஏணியாகிவிடும். உள்ளே விழும் மழைநீர் வெளியேற, உள்தரை மட்டத்தில் இரண்டு குழாய்த் துண்டுகளைப் பதித்து வலையால் மூடவும்.

மேல்மூடி

நாய், பூனை, கீரி, காகம் ஆகியவை ஆமைக்குப் பகை. குட்டி ஆமையைக் காகம் தூக்கிச் சென்றுவிடும். எனவே மேல்மூடி இல்லாத அடைப்பு பாதி வேலையே. 3 அடி அகலமும் 8 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் உள்ள நான்கு சட்டங்கள் அடித்து, கம்பிவலை பொருத்தி, சுவரின் மேல் வரிசையாக வைத்துக் கொக்கியால் மாட்டவும். சட்டத்தை எடுக்க இரண்டு பேர் வேண்டும். சிறுவர்கள் தனியே திறக்க முடியாது என்பதால் அதுவும் நல்லதே. இரவில் கொக்கிகள் மாட்டியுள்ளனவா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மேற்குப் புறத்தில் அடைப்பின் மூன்றில் ஒரு பகுதிக்குத் தென்னங்கீற்று வேயவும். சித்திரை வெயிலில் தொட்டி நீர் கொதித்துவிடாமல் இருக்க நிழல் தேவை. ஆமை வெயிலுக்கும் நிழலுக்கும் தானே மாறி மாறிப் போய்த் தன் உடற்சூட்டைச் சரிசெய்துகொள்ளும். நாம் செய்யவேண்டியது இரண்டையும் அமைத்துக் கொடுப்பதே. பாலிதீன் தாளால் முழுவதும் மூடுவது தவறு. கதிரும் தடைப்படும், காற்றும் தடைப்படும்.

மணல் படுக்கை

உள்தரையில் வெயில் படும் மூலையில் 3 அடிக்கு 3 அடி அளவில், ஓர் அடி ஆழத்திற்கு மணலும் மண்ணும் கலந்து நிரப்பவும். பெண் ஆமை ஆண் துணை இல்லாமலும் முட்டையிடக்கூடும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்து நோயுறும். இந்தப் படுக்கையில் முட்டை கண்டால் எடுத்து, வேகவைத்துப் புதைத்துவிடுங்கள். குஞ்சு பொரிக்க விடக்கூடாது. ஓர் ஆமைக்கு இடம் தேடி அலைந்த நாம், பத்துக் குஞ்சுகளை எங்கே வைப்பது? ஆணும் பெண்ணும் சேர்த்து வளர்ப்பதையும் தவிர்க்கவும். ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாகவும் வால் தடித்தும் இருக்கும்.

தீனி

குட்டிப் பருவத்தில் புழு, சிறு மீன், இறால் போன்ற புலால் தீனி மிகுதியாக வேண்டும். வளர வளரப் பச்சைத் தீனியைக் கூட்ட வேண்டும். மாட்டுக்கு அசோலா வளர்ப்பவர்கள் அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தொட்டியில் போடலாம். முருங்கைக் கீரை, பூசணி, காரட் துருவல் ஆகியவையும் ஏற்றவை. கிளிக்கூண்டில் மாட்டும் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் கொறித்துத் தின்று சுண்ணாம்புச் சத்தைப் பெறும். சோறு, ரொட்டி, பால் கொடுக்க வேண்டாம். வளர்ந்த ஆமைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். மீந்ததை அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நாறும்.

தண்ணீரும் தூய்மையும்

வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 300 லிட்டர் நீரை அடிமண்டியோடு வெளியேற்றிப் புது நீர் விடவும். மாதம் ஒரு முறை முழுவதும் காலி செய்து தேய்த்துக் கழுவவும். நீர் மாற்றும்போது ஓரங்களில் கொசுப்புழு தங்கியுள்ளதா என்று பார்த்து வலையால் அள்ளிவிடவும்.

கழிவு நீரில் தழைச்சத்து உண்டு. தென்னை, வாழை அடியில் பாய்ச்சலாம். ஆனால் கீரைப் பாத்திக்கும், பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் பாய்ச்சக்கூடாது. ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்னும் நுண்கிருமி இருக்கலாம். ஆமை நலமாகவே தோன்றும். மனிதருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகள் பலர் இவ்வாறு நோயுற்றதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு 1975ஆம் ஆண்டில் தடை விதித்தார்கள். ஆமையையோ தொட்டி நீரையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் தொடாமலிருப்பது நல்லது. ஆமையின் பாத்திரங்களைச் சமையற்கட்டில் கழுவ வேண்டாம்.

மழைக்காலக் காவல்

வடகிழக்குப் பருவமழையே இந்த அடைப்புக்கு உண்மையான சோதனை. புரட்டாசி முடிவதற்குள் வழிநீர்க் குழாய், வடிகால் வலை, மேல்மூடி, சுவர் விரிசல் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். புயல் எச்சரிக்கையோ வெள்ள எச்சரிக்கையோ வந்தால், மூடியில் காற்றுத் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நான்கு விரல் உயரம் நீர் விட்டு, ஆமையை அதிலிட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும். அடைப்பை மூழ்கடிக்கும் வெள்ளம் ஆமையை நேராக ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

நோயின் அறிகுறிகள்

கண் வீங்கி மூடியிருத்தல், ஓடு மெத்தென்று இருத்தல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துதல், மூக்கில் குமிழி வருதல், பல நாள் தீனி எடுக்காமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். மேலோட்டுச் செதில் மெல்லிய தாளாக உரிவது இயல்பானது; அதற்கு அஞ்ச வேண்டாம்.

வளர்க்க இயலாதவர்கள்

இவ்வளவும் செய்ய இயலாத நிலை சிலருக்கு ஏற்படலாம். அப்பொழுதும் ஏரியில் விடவேண்டாம். வனத்துறை அலுவலகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ சொல்லி வழி கேளுங்கள். இடவசதியுள்ள வேறொருவர் பொறுப்பேற்கலாம். இனிப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாணயம் அளவில் கையில் கொடுக்கப்படுவது முப்பது ஆண்டுப் பொறுப்பு. அதை ஏற்க இயலாதவர்கள் வாங்காமலிருப்பதே நன்று.

பங்குனியில் வேறொரு வேலையாக அந்தக் கிராமத்திற்கு மீண்டும் சென்றேன். காலை வெயிலில் சரிவுமேடையின் மேல் ஆமை நான்கு கால்களையும் நீட்டிப் படுத்திருந்தது. ஓட்டின் விளிம்பு முன்போல் வளையவில்லை. சிறுமி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தீனி போட்ட நாள், நீர் மாற்றிய நாள், கொக்கி சரிபார்த்த நாள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் இரண்டு இரவு ஆமை டிரம்மில் இருந்த கணக்கும் இருந்தது. அவளுடைய தந்தையார், "சார், வழிநீர் வாழைக்குப் போவுது. ஏரியில பாலாமையும் இருக்குது" என்றார். அவ்விரண்டும் நிலைத்திருக்க வேண்டுமானால், வாங்கியதை வேலிக்குள் வைத்துக் காப்போம். நம் நீர்நிலைகளை அவற்றுக்கு உரியவற்றிடமே விட்டுவைப்போம்.